பையன் ஊதுறது தப்பா, ரெக்கோடர் தப்பா?

கேள்வி: அக்கா, என் மகன் நாலாம் ஆண்டு, ஸ்கூல்ல ரெக்கோடர் (வாயில வெச்சு நேரா ஊதுற குழல்) சொல்லித்தராங்க. பி, ஏ, ஜி நோட்டெல்லாம் (சுரம்) அழகா வருது, ஆனா எஃப் மட்டும் மத்த பிள்ளைங்களோட சேரவே மாட்டேங்குது. வீட்டுல பிராக்டிஸ் பண்ணலன்னு டீச்சர் சொல்றாங்க, இவன் அழறான். புத்தகத்து படத்துல இருக்கிற மாதிரிதான் விரல் வைக்கிறான், நானே பாத்தேன்.
– ஒரு அம்மா, செந்தூல்

பதில்: பையன திட்டாதீங்க தங்கச்சி, ரெக்கோடர்ல ஜெர்மன், பரோக்னு ரெண்டு வகை இருக்கு. அவன் ரெக்கோடர எடுத்து முன்பக்கம் மேல இருந்து நாலாவது ஓட்டையையும் அஞ்சாவதையும் பாருங்க. நாலாவது பெருசு அஞ்சாவது சின்னதுன்னா அது ஜெர்மன், தலைகீழா இருந்தா பரோக், சிலர் இங்கிலீஷ்னும் சொல்வாங்க. சிலதுல பின்பக்கம் "ஜி" (ஜெர்மன்) இல்லன்னா "பி" (பரோக்) எழுத்து இருக்கும் (அது நோட் இல்ல, பயந்துராதீங்க), யமஹா கம்பெனி ரெக்கோடர்னா மாடல் நம்பர் 23 ஜெர்மன், 24பி பரோக்.

ஜெர்மன்ல எஃப்புக்கு கட்டைவிரல், முன்னாடி 1, 2, 3, 4 மூடினா போதும். பரோக்ல 5-ஐ திறந்து விட்டுட்டு 6, 7-ஐயும் சேர்த்து மூடணும். இப்ப கையில ஜெர்மன் ரெக்கோடர், புத்தகத்துல பரோக் படம்னு வைங்க, எஃப் கீழ இறங்கித்தான் கேக்கும், அவன் ராத்திரி பூரா ஊதினாலும் சரியாகாது. மாத்தி இருந்தா மேல ஏறிடும். பி, ஏ, ஜிக்கு ரெண்டுலயும் ஒரே விரல்தான், அதனாலதான் எஃப் வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடையில "எல்லாம் ஒன்னுதான் மா"ன்னு சொல்லி என் அக்கா மகளுக்கும் இப்படித்தான் குடுத்துட்டாங்க, எனக்கே ரெண்டு வாரம் கழிச்சுதான் புரிஞ்சுது.

இந்த ஜெர்மன் முறை 1920கள்ல பீட்டர் ஹார்லன்னு ஒருத்தர் கொண்டு வந்தது, பிள்ளைங்களுக்கு எஃப் சுலபமா இருக்கட்டும்னு. எஃப் சுலபமாச்சு, எஃப் ஷார்ப் (எஃப்ப விட அரை சுரம் மேல இருக்கிற நோட்) வம்பாச்சு! அதனால புதுசா வாங்குறதுன்னா பரோக்தான் என் ஓட்டு, ஆனா டீச்சர் எந்த படம் வெச்சு சொல்லித்தராங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க.

கேள்வி: ரெக்கோடர்ல கீழ் சி ஊதினா கீச்சுன்னு கத்துது, ஏன்?
– மாணவி, பட்டர்வொர்த்

பதில்: எட்டு ஓட்டையும் மூடணும் மா, பெரும்பாலும் மோதிர விரலோ சுண்டு விரலோ லேசா தூக்கிக்கும். விரல் நுனியில இல்ல, சதை இருக்கிற இடத்துல வை, சூடான மைலோவ ஆத்துற மாதிரி மெதுவா ஊது. மேல் இ-க்கு கீழ் இ விரலேதான், கட்டைவிரல மட்டும் கொஞ்சமா திறக்கணும்.

கேள்வி: ரெக்கோடர் கத்துக்கிட்டா நம்ம புல்லாங்குழல் சுலபமா வருமா?
– தாத்தா, பிறை

பதில்: மூச்சும் தாளமும் உதவும் ஐயா, விரல் உதவாது. கர்நாடக குழல்ல விரலுக்கு எட்டு ஓட்டையும் முன்னாடியே இருக்கு, பின்னாடி கட்டைவிரலுக்கு ஒன்னும் கிடையாது, அதோட கமகத்துக்கு (சுரத்த அசைச்சு ஊதுறதுக்கு) விரல வழுக்கி பாதி பாதியா திறக்கணும். பேரனுக்கு ஆசை இருந்தா நேரா குழலையே குடுங்க.