கூலரும் ஐப்பசி மழையும்

அன்புள்ள ஐயா,

நெல்லையிலிருந்து மாற்றலாகி நொய்டா வந்து ஓராண்டு ஆகிறது. மகள் நாலாம் வகுப்பு. ‘மழைக்காலம் எந்த மாதங்களில்?’ என்ற கேள்விக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டார், வீட்டில் ஒரே அழுகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை என்பதுதான் இந்தியாவுக்கான விடையாம். எது சரி? இன்னொன்று, மே மாதம் இங்கே 44 டிகிரி அடித்தது. ஆனால் சென்னையில் 38 டிகிரிக்குப் பட்ட பாடு இங்கே படவில்லையே, ஏன்?

ச., நொய்டா

அன்புள்ள ச.,

பாப்பா எழுதியது தப்பே இல்லை, ஊர்தான் மாறிவிட்டது. ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று மலை ஏறும்போதே ஈரத்தைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது, தாண்டி நம் பக்கம் வருவது பெரும்பாலும் வெறுங்காற்று. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே ஆடியில் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போனால் புழுதி பறக்கும், நெல்லைக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா! டெல்லி, அதை ஒட்டிய உங்கள் நொய்டா பக்கம் மழை எட்டிப்பார்க்க ஜூன் கடைசி ஆகிவிடும், செப்டம்பரோடு கதை முடிந்தது. அக்டோபர் நடுவுக்கு மேல் காற்று திசை மாறி, வங்கக்கடல் மேலே வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறதே, அதுதான் நம்முடைய ஐப்பசி அடைமழை. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை என்றால் அதில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில் பெய்துவிடும்.

‘இந்தியாவுக்கான விடை’ என்பதுதான் எனக்கு எரிச்சல். மேகாலயாவின் மௌசின்ராமில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 12,000 மி.மீ., ஜெய்சால்மரில் சுமார் 200தான். இரண்டையும் கூட்டி வகுத்து வரும் எண்ணை வைத்துக்கொண்டு எந்த ஊர்க்காரன் குடை எடுப்பது? வானிலைத் துறையே வெப்ப அலை என்று சொல்லக் குறைந்தது சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலையில் 30 டிகிரி வேண்டும் என்று இடத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒரே விடை.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். சில வருடம் டெல்லியில் இருந்துவிட்டுத் திரும்பும்போது, அங்கே என்னைக் காப்பாற்றிய கூலரை லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். தகரப் பெட்டி, மூன்று பக்கமும் வைக்கோல் மாதிரி தட்டி, உள்ளே தண்ணீர் சொட்டும். டெல்லி மே மாதத்தில் காய்ந்த காற்று அந்தத் தட்டி வழியே வரும்போது தண்ணீர் ஆவியாகி அறையே சில்லென்று ஆகிவிடும். சென்னையில் போட்டேன், ஒரு மணி நேரத்தில் தலையணை பிசுபிசுத்துவிட்டது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, தண்ணீர் எங்கே போய் ஆவியாகும்? உங்கள் உடம்பில் வேர்வைக்கும் இதே கதைதான். நொய்டாவில் அது வந்த வேகத்தில் காய்ந்து உடம்பைக் குளிர்விக்கிறது, சென்னையில் சட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்காக அசட்டையாக இருந்துவிடாதீர்கள், அங்கே ‘லூ’ என்று ஒரு அனல்காற்று உண்டு, வேர்க்காத மாதிரியே இருக்கும், உடம்பில் தண்ணீர் வற்றிவிடும்.

கூலர் வாங்குவதென்றால் ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். ஜூலையில் மழை பிடித்துவிட்டால் அங்கேயும் அது வெறும் தகரப் பெட்டிதான்.