ஆர்தர் சி. கிளார்க் யார்? அவரை எந்த நூலிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

கிளார்க் ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளர். அவரைப் பற்றி எங்கள் வீட்டு டிஷ்ஷிலிருந்தே தொடங்குகிறேன். இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள மல்லாவியில் அதைப் பூட்ட வந்த தம்பி கூரையோரம் ஏறி நின்று, நட்டைத் தளர்த்தி, தட்டை விரற்கடை அளவு அசைத்துக்கொண்டிருந்தான். தொலைக்காட்சிக்கு முன்னால் அம்மா, "வந்துவிட்டது, இல்லை, போய்விட்டது" என்று குரல் கொடுத்தார். படம் நின்றதும் நட்டை இறுக்கினான். அதற்குப் பிறகு அதை யாரும் தொட்டதில்லை. தொடவும் தேவையில்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது. இப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் ஒரு வானொலிச் சஞ்சிகையில் எழுதினார் கிளார்க். அப்போது அவருக்கு 27 வயது. முதல் செயற்கைக்கோள் ஏறியதோ 1957இல்தான்.

1917இல் இங்கிலாந்தின் சமர்செட்டில் பிறந்து, போர்க்காலத்தில் விமானப் படையில் ராடார் வேலை பார்த்தவர். 1956இல் கடலடியில் நீந்தும் ஆசையோடு இலங்கைக்கு வந்தார். திருகோணமலையில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கடலுக்கடியில் கண்டவர்களில் அவரும் ஒருவர். 2008 மார்ச்சில் கொழும்பில் இறக்கும்வரை இந்த நாடே அவருக்கு வீடு.

பலரும் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யைச் சொல்வார்கள். நான் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979) என்பேன். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் பெற்ற நாவல். பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கதை. அதற்கு நிலநடுக்கோட்டில் ஒரு மலை வேண்டும். இலங்கையின் சிவனொளிபாதமலையோ அதற்கு வடக்கே இருக்கிறது. என்ன செய்தார்? தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரும் வைத்துவிட்டார். வன்னியும் கூடவே போயிருக்க வேண்டும். வெயில் மட்டும் குறைந்திருக்காது.

அவருடைய மனிதர்கள் பெரும்பாலும் தட்டையானவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதையில் உயிரோடு இருப்பவை இயந்திரங்கள்தான்.

2007 டிசம்பரில், 90ஆவது பிறந்தநாளையொட்டி அவர் பேசிய காணொளி ஒன்று உண்டு. அதில் மூன்று ஆசைகளைச் சொல்கிறார். வேற்றுலக உயிருக்குச் சான்று கிடைக்க வேண்டும், உலகம் எண்ணெயை விட்டு வேறு சக்திக்கு மாற வேண்டும், இலங்கையில் நிலையான அமைதி வர வேண்டும். பல வருடங்கள் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். அவர் அதைப் பேசிய மாதத்தில், நாங்கள் போருக்குப் பதுங்க முற்றத்தில் வெட்டிய பங்கருக்கு மேல் பனங்குற்றி அடுக்கிக்கொண்டிருந்தோம்.