கதை எழுதட்டும், தொடர்கதை மட்டும் இப்போது வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை கரூரிலிருந்து பஸ் பிடித்து மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தீர்கள். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து அவளுடைய போனை எடுத்து என் மேசைமேல் கவிழ்த்து வைத்தீர்கள். "ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போர்வைக்குள்ள இதுதான் சார். பாடம் படிக்கிறாளோன்னு நினைச்சேன். கதை எழுதுறாளாம். பிளஸ் டூ சார் இது" என்றீர்கள். அவள் நிமிரவே இல்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் நிதானமாகப் பேச முடியவில்லை. இதே கவலையோடு வேறு பெற்றோரும் வருகிறார்கள் என்பதால், நீங்கள் சரி என்று சொன்ன பிறகு, பெயர்களை விட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

நீங்கள் கிளம்பிய பிறகு, அவள் அனுமதியோடு, அவள் பிரதிலிபி என்ற கதைச் செயலியில் போட்டிருப்பதையெல்லாம் படித்தேன். பதினான்கு சிறுகதைகள். அப்புறம் ஒரு தொடர்கதை, முப்பத்தேழு பாகம் வந்திருக்கிறது, இன்னும் முடியவில்லை. இரண்டும் ஒரே பெண் எழுதியதுதானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. தொடர்கதையில் பணக்காரக் கதாநாயகன், கட்டாயக் கல்யாணம், ஒவ்வொரு பாகத்தின் கடைசி வரியிலும் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். சிறுகதை ஒன்றில் ஒரு பாட்டி ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள். ஸ்மார்ட் கார்டு அழுக்காகிவிடும் என்று அதைக் கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் கவருக்குள் போட்டு வைத்திருக்கிறாள். கடைக்காரர் கேட்டதும் கவரோடு நீட்டுகிறாள். "வெளியே எடுங்க பாட்டி" என்கிறார். "உள்ள வச்சே தெரியுதுல்ல, அப்படியே பாருங்க" என்கிறாள். பாட்டிக்கு அந்த அட்டை எவ்வளவு முக்கியம் என்று உங்கள் மகள் ஒரு வரிகூட விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. பதினேழு வயதில் இதை எழுதாமல் விடத் தெரிந்திருக்கிறது, அம்மா. இது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

ஆனால் அந்தக் கதையை இதுவரை எண்பத்துச் சொச்சம் பேர்தான் படித்திருக்கிறார்கள். தொடர்கதையைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவள் தூக்கம் போவது இதனால்தான்.

எழுத்துச் செயலிகள் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து 2014-ல் தொடங்கிய பிரதிலிபியில் தமிழோடு சேர்த்துப் பன்னிரண்டு இந்திய மொழிகளில் எழுதுகிறார்கள். தமிழில் எழுத ஆசைப்படும் எத்தனையோ பெண்களுக்கு முதல் வாசகரைக் கொடுத்த இடம் அது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்த மாதிரி எந்தச் செயலிக்கும் வாசகர் நாளைக்கும் திரும்பி வர வேண்டும். சிறுகதையைப் படித்து முடித்தவர் போய்விடுவார். தொடர்கதை படிப்பவர் அடுத்த பாகத்துக்கு வருவார், காத்திருக்க முடியாவிட்டால் காசு கொடுத்துத் திறப்பார். எழுதுகிறவருக்குப் பணம் வருவதும் பெரும்பாலும் அந்த வழியில்தான். ஆகவே தொடர்தான் முன்னால் தெரியும். இரண்டு நாள் பாகம் போடாவிட்டால் "எப்போ சிஸ் அடுத்த பாகம்?" என்று கேட்டுப் பத்துப் பேர் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு, டியூஷன் முடித்து, வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு இது இரண்டாவது வேலை மாதிரி. முகம் தெரியாத ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லும் வேலை.

அதனால் நான் சொல்வது இதுதான். போனைப் பிடுங்காதீர்கள். எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்காதீர்கள். தொடர்கதையை மட்டும், மார்ச் மாதப் பொதுத்தேர்வு முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். "தேர்வு முடிந்து ஏப்ரலில் தொடரும்" என்று அவளே ஒரு குறிப்புப் போடட்டும். நல்ல வாசகர்கள் காத்திருப்பார்கள். சிறுகதை எழுதட்டும், மாதம் ஒன்று போதும். சிறுகதைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருந்தால் போதும், அதை முடிக்கவும் முடியும். முடித்த கதையை ஒரு வாரம் கழித்து எடுத்துத் திருத்துவதில்தான் எழுத்து தேறும். தினம் ஒரு பாகம் போடுகிறவளுக்குத் திருத்தவே நேரம் இருக்காது. உங்கள் மகளின் முப்பத்தேழு பாகங்களில் "மனதை என்னமோ செய்தது" என்ற வரி எத்தனை இடத்தில் வருகிறது என்று அவளையே எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, கதைக்குக் கீழே வரும் பாராட்டு. "அருமை", "சூப்பர் சிஸ்", ஐந்து நட்சத்திரம். அவற்றில் பாதி, "நான் உங்களுக்குப் போட்டேன், நீங்கள் எனக்குப் போடுங்கள்" என்ற கொடுக்கல் வாங்கல். அவளுக்கும் அது தெரியும், கேட்டபோது சிரித்தாள். எந்த இடத்தில் சலித்தது என்று சொல்லும் ஒரே ஒரு ஆள் அவளுக்கு வேண்டும். பள்ளித் தமிழாசிரியை இருக்கிறார் அல்லவா, அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒற்று எங்கே மிகும், ன எங்கே ண எங்கே என்பதும் சேர்ந்து திருந்தும். அது மதிப்பெண்ணுக்கும் உதவும்.

உங்களுடைய இன்னொரு பயம், வெளியாட்கள். அது நியாயமான பயம். அவள் சொந்தப் பெயரில், பள்ளிச் சீருடைப் படத்தோடு எழுதுகிறாள். இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். புனைபெயர், படத்துக்கு ஒரு பூவோ பூனையோ போதும். உள்பெட்டியில் "உங்கள் எழுத்து பிடிக்கும், வாட்ஸ்அப் நம்பர் தருவீர்களா" என்று கேட்பவர் அக்கா என்று எழுதினாலும் அண்ணன் என்று எழுதினாலும் பதில் வேண்டாம். தொந்தரவு தொடர்ந்தால் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். இதையெல்லாம் அவளைத் திட்டாமல் சொல்ல வேண்டும். திட்டினால் அடுத்த முறை எது வந்தாலும் உங்களிடம் மறைப்பாள்.

சரி, உரிமை விஷயத்துக்கு வருகிறேன். இதில் பெற்றோர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

எழுதி முடித்த நிமிடமே கதையின் பதிப்புரிமை அவளுடையது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எங்கும் போய்ப் பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் அறுபது ஆண்டும் அது செல்லும். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. அவள் தனியாகச் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. ஆகவே யாராவது "உங்கள் கதையை ஆடியோ தொடராக்குகிறோம், இந்தப் படிவத்தில் சரி என்று தட்டுங்கள்" என்று அனுப்பினால், வீட்டில் பெரியவர்கள் படிக்காமல் எதையும் தட்டக் கூடாது. "பிரத்யேக உரிமை", "எல்லா வடிவங்களிலும்", "நிரந்தரமாக" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

சில வருடத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பையன் "தொகுப்பு நூலில் உங்கள் கதை தேர்வாகியிருக்கிறது" என்ற செய்தியை நம்பி அறுநூறு ரூபாய் கட்டினான். பிரதி வேண்டுமானால் தனியாகக் காசு. கடைசியில் வந்தது ஒரு சான்றிதழ் படம் மட்டும். போன வருடம் ஒரு யூடியூப் சேனலில் இன்னொரு மாணவியின் கதையை அவள் பெயரே இல்லாமல் வாசித்திருந்தார்கள். அவளிடம் தேதியோடு போட்ட பக்கம் இருந்தது, பதிப்புரிமைப் புகார் கொடுத்து எடுக்க வைத்தோம். வரைவுகளையும் தேதியையும் ஒரு மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பி வைக்கிற பழக்கம் அவளைக் காப்பாற்றியது. உங்கள் மகளும் இதைச் செய்யட்டும். எழுதுகிறவரிடம் காசு கேட்கிற வாய்ப்பு எதுவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எழுதுகிற பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பத்திரிகைகளும் சிறுகதைப் போட்டிகளும் பெரும்பாலும் "அச்சிலோ இணையத்திலோ இதுவரை வெளிவராத படைப்பு" என்று உறுதிமொழி கேட்கும். எழுதிய அன்றே செயலியில் போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். கிண்டிலில் தமிழ் மின்னூல் போடுவதும் அப்படித்தான். அங்கே கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் தொண்ணூறு நாள் அந்தக் கதை இணையத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது. அதனால் மிக நல்ல கதையை முதலில் கையில் வைத்திருக்கட்டும், பத்திரிகைக்கு அனுப்பட்டும், திரும்பி வந்தால் அப்புறம் செயலியில் போடலாம். அந்தப் பாட்டி கதை ஏற்கெனவே போய்விட்டது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி: "இதை வச்சுப் பிழைக்க முடியுமா சார்?"

சிறுகதை மட்டும் எழுதி மாதச் சம்பளம் மாதிரி வருமானம் தமிழில் கிடைக்காது. இதை அவளிடமும் ஒளிக்காமல் சொன்னேன். தமிழில் பெயர் பெற்ற பலரும் வேறு வேலையில் இருந்துகொண்டே எழுதினார்கள். சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு வானொலிக்குப் போனவர். வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தார். எழுத்துக்கு வேலை எதிரி இல்லை என்பதற்கு இவர்களே போதும்.

ஆனால் கதை சொல்லத் தெரிந்த தமிழுக்கு வேலை இருக்கிறது. ஆடியோ தொடர்களுக்கு எழுதுவது, படங்களுக்கு வசன வரி எழுதுவது, செயலிகளைத் தமிழாக்குவது, விளம்பரம், பாடநூல், பதிப்பகத்தில் பிழை திருத்தம், மொழிபெயர்ப்பு. இதற்கெல்லாம் தமிழோடு ஆங்கிலமும் சரளமாக வேண்டும், அதில் அவள் பலவீனம். அடுத்த ஒன்றரை வருடத்தில் அதைச் சரிசெய்யட்டும். இயந்திரம் எழுதித்தரும் சாதாரணத் தமிழ் இப்போது மலிந்துவிட்டது. அதனால் சாதாரணமாக எழுதுகிறவருக்கு இனி இடம் குறையும் என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு-கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் இருக்கிறாள். கணக்கு பிடிக்கிறது என்றுதான் என்னிடமும் சொன்னாள். அப்படியானால் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கட்டும், தப்பே இல்லை. கூடவே தமிழ், ஆங்கிலம், விஷுவல் கம்யூனிகேஷன் இவற்றில் ஒன்றுக்கும் கலைக் கல்லூரியில் போட்டு வையுங்கள். திரைக்கதைதான் ஆசை என்றால் தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது. எந்தப் பட்டம் முடித்தாலும் பிறகு சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஓராண்டு இதழியல் படிக்கலாம், அதற்குப் பணம் கொஞ்சம் அதிகம், உதவித்தொகை பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது முப்பத்தைந்து வயது வரை உள்ள எழுத்தாளர்களுக்கு, பரிசுத் தொகை 50,000 ரூபாய். அவளுக்கு இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை.

அவளுடைய கதை எதையாவது படித்தீர்களா என்று அன்று கேட்டபோது "எனக்கு எங்க சார் நேரம்" என்றீர்கள். தையல் வேலைக்கு நடுவே நேரம் கிடைக்காதுதான். இருந்தாலும் அந்த ரேஷன் கடைக் கதையை மட்டும் பிரிண்ட் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். மொத்தம் நான்கு பக்கம். பால் பாக்கெட் கவரில் கார்டு வைத்திருந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்தானா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் படித்துவிட்டு அவளிடமே கேளுங்கள். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வரும்போது அவளுடைய காலாண்டு மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வாருங்கள், கல்லூரிகளின் பட்டியலை உட்கார்ந்து போடுவோம்.