தனுஷ்கோடிப் படங்களில் மூலைக் கருமை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மண்டபத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் கட்டடங்களை ஆண்டுக்கு இருமுறை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, சுவர்கள் எப்படிச் சிதைந்து வருகின்றன என்பதை மாணவர்களுக்குக் காட்டி வருகிறேன். இதுவரை கைப்பேசியில்தான் எடுத்தேன். சென்ற கோடை விடுமுறையில் சிறிய டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அகலக் கோணம் 28 மி.மீ. என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. மதுரையில் அம்மா வீட்டில் எடுத்த படங்களில் எந்தக் குறையும் தெரியவில்லை. கடற்கரையில் எடுத்தால் மூலைகள் கறுத்துவிடுகின்றன. மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். முதலாவது அரிச்சல்முனை, விடியற்காலை. நான்கு மூலைகளும் மங்கல். இரண்டாவது, மணல் படக்கூடாது என்று லென்ஸின் முன்னால் ஒரு குழாயும் அதன் முனையில் யு.வி. ஃபில்டர் என்ற கண்ணாடியும் மாட்டிப் பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து எடுத்தது; மூலைகள் முழுக் கறுப்பு. மூன்றாவது தேவாலயச் சுவர். வலது மேல் மூலையில் மட்டும் கருமை. உப்புக்காற்று பட்டு லென்ஸ் கெட்டுவிட்டது என்கிறார் என் கொழுந்தனார். கேமராவை விற்றுவிடலாமா?

ஒரு வாசகி, மண்டபம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

விற்க வேண்டாம். மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் மூலை கறுத்திருப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் கறுத்திருக்கிறது, மூன்றில் எதிலும் லென்ஸின் கண்ணாடி கெட்டுப்போகவில்லை. மூலைக் கருமை என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கருமை எத்தனை மூலைகளில் இருக்கிறது, அதன் ஓரம் மெல்லக் கரைகிறதா அல்லது கோடு கிழித்ததுபோல் நிற்கிறதா என்ற இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

அரிச்சல்முனைப் படத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கியிருக்கின்றன. நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒளி படிப்படியாகக் குறைகிறது, எந்த இடத்தில் குறையத் தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. இது அகலக் கோண லென்ஸின் இயல்பு. குடத்தின் வாயை நேர் மேலிருந்து பார்த்தால் வட்டம், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒடுங்கிய நீள்வட்டம். அதுபோல மூலைக்குச் சாய்வாகச் செல்லும் ஒளிக்கு லென்ஸின் துளை ஒடுங்கியதாக அமைகிறது. அந்த ஒளி கடக்கவேண்டிய தொலைவும் நடுவுக்குச் செல்லும் ஒளியைவிட அதிகம், தொலைவு கூடக்கூட ஒளி இருமடிக் கணக்கில் தேய்கிறது. கடைசியில் அது, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின்மேல் மாலை வெயில் உப்பளத்தில் விழுவதுபோலச் சாய்ந்து பரவி விழுகிறது. துளைக்கு ஒன்று, தொலைவுக்கு இரண்டு, சாய்வுக்கு ஒன்று என்று சாய்வுக்கோணத்தின் கோசைன் நான்கு முறை பெருக்கப்படுவதால் இதைக் கோசைன் நான்மடி விதி என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு வியப்பூட்டும். உங்கள் கேமராவில் எழுதியிருக்கும் 28 மி.மீ. என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். இவ்வகைச் சிறு கேமராக்களில் உண்மையான குவியத் தொலைவு 5 மி.மீ. அளவில்தான் இருக்கும். அந்த 28-இல் படத்தின் மூலைக்குச் செல்லும் ஒளி ஏறக்குறைய 38 பாகை சாய்கிறது. விதிப்படி நடுவில் விழும் ஒளியில் 39 சதவீதம்தான் மூலைக்குக் கிடைக்கும். ஜூமைச் சற்றே முன்னால் தள்ளி 35-க்கு வந்தால் அது 52 சதவீதமாகும். 50-க்கு வந்தால் 71 சதவீதம். லென்ஸை வடிவமைப்பவர்கள் ஒளி அவ்வளவு சாயாமல் சென்சாருக்குப் போகும்படி செய்து இந்த இழப்பின் ஒரு பகுதியை மீட்கிறார்கள். ஆனால் அணைத்ததும் சட்டைப் பைக்குள் போகுமளவுக்கு மடங்கவேண்டிய லென்ஸில் அதற்கு இடம் குறைவு.

இதனோடு இன்னொன்றும் சேருகிறது. கிணற்றுக்கு நேர் மேலே குனிந்து பார்த்தால் தண்ணீர் முழு வட்டமாகத் தெரியும். இரண்டடி பின்னால் நகர்ந்து எட்டிப்பார்த்தால் இந்தப் பக்கத்து விளிம்பு பாதித் தண்ணீரை மறைத்துவிடும். லென்ஸ் குழலின் முன் வளையமும் பின் வளையமும் மூலைக்குப் போகும் ஒளியை அப்படித்தான் மறைக்கின்றன. கேமராவை முடுக்கி, வெளிச்சமான ஜன்னல் பக்கம் நின்று லென்ஸை நேராகப் பாருங்கள். உள்ளே துளை வட்டமாக இருக்கும். மெல்லப் பக்கவாட்டில் திருப்புங்கள். வட்டம் இருபுறமும் நறுக்கப்பட்டுப் பூனைக்கண் போலக் கூம்பும். மூலை அந்த வழியாகத்தான் ஒளியைப் பெறுகிறது. இந்த வகை இழப்பு துளையைச் சுருக்கினால் குறையும், ஏனென்றால் சிறிய துளையை விளிம்புகள் தொடுவதில்லை. உங்கள் படத்தோடு பதிவாகியிருக்கும் விவரங்களில் துளை எஃப் 2.8 என்று இருக்கிறது; இந்த எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். விடியற்காலை ஒளி போதாமல் கேமரா தானாகவே துளையை முழுக்கத் திறந்துவிட்டது. எஃப் 4 அல்லது 5.6-இல் எடுத்திருந்தால் கருமையில் கணிசமான பங்கு போயிருக்கும். கோசைன் கணக்கால் வரும் பங்கு மட்டும் அப்படியே இருக்கும். அதற்கும் மேலே 8-க்குப் போகாதீர்கள். இவ்வளவு சிறிய சென்சாரில் துளை மிகவும் குறுகினால் ஒளி சிதறிப் படம் முழுவதும் கூர்மை இழக்கும். மலிவான சில கேமராக்களில் துளையைச் சுருக்கும் இதழ்களே கிடையாது, வெளிச்சம் மிகுந்தால் உள்ளே ஒரு சாம்பல் நிறக் கண்ணாடி குறுக்கே வந்து நிற்கும். அவற்றில் எண்ணை மாற்றினாலும் மூலை வெளுக்காது. உங்களுடையதில் எண்கள் வரிசையாக மாறுகின்றனவா, அல்லது இரண்டே எண்களுக்கு நடுவே தாவுகிறதா என்று பாருங்கள். தாவினால் ஐயப்பட வேண்டும்.

மதுரையில் தெரியாதது இங்கே ஏன் தெரிகிறது என்ற உங்கள் கேள்விதான் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. மதுரையிலும் அந்தக் கருமை இருந்தது. வீட்டுக்குள் எடுத்த படத்தின் மூலையில் அலமாரி, திரைச்சீலை, கதவு நிலை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது தன் இயல்பிலேயே கருமையா, லென்ஸால் கருமையா என்று கண் விசாரிப்பதில்லை. அரிச்சல்முனையில் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு வானம், மீதி மணலும் நீரும். பெண்கடலும் (பாக் நீரிணை) ஆண்கடலும் (மன்னார் வளைகுடா) கூடும் அந்த முனையில் மூலையை மறைக்க ஒரு பனைகூட இல்லை. வெறுமையான பரப்பில்தான் ஒளியின் ஏற்றத்தாழ்வு அம்பலமாகும். நம் கரையைப்போல லென்ஸைச் சோதிக்க உகந்த இடம் வேறு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விடியற்காலை வானமே சீராக இருப்பதில்லை. கதிரவன் எழும் பக்கம் வெளுத்தும் எதிர்ப்பக்கம் கறுத்தும் இருக்கும். அதை லென்ஸின்மேல் பழி போட்டுவிடக் கூடாது. ஐயம் வந்தால் அதே இடத்தில் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். வானத்தின் அதே பகுதி கறுத்திருந்தால் அது வானம். சட்டகத்தின் அதே மூலை கறுத்திருந்தால் அது கேமரா.

பாம்பன் படத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. மூலைகள் முழுக் கறுப்பு, ஓரம் வட்டமாக வெட்டினாற்போல் இருக்கிறது. அது உங்கள் குழாயின் வாய். ஜூம் முழுக்க நீளும்போது லென்ஸ் இடிக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக அந்தக் குழாயை நீளமாகச் செய்கிறார்கள். 28-இல் லென்ஸ் உள்ளே பின்வாங்கி நிற்பதால் குழாயின் விளிம்பும் ஃபில்டரின் வளையமும் பார்வைக்குள் வந்துவிடுகின்றன. அந்த மூலைகளில் ஒளியே பதிவாகவில்லை, ஆகவே எந்த மென்பொருளாலும் அவற்றை மீட்க முடியாது. பழைய ரயில் பாலமும் 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் ஒரே சட்டகத்தில் வருமாறு நின்று எடுத்திருக்கிறீர்கள், நல்ல இடம். குழாயைக் கழற்றிவிட்டு மீண்டும் எடுங்கள். அகலம் போதாவிட்டால் கேமராவை நிமிர்த்திப் பிடித்து, 35 அல்லது 50-இல் ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி ஐந்தாறு படங்கள் எடுத்து ஒட்டலாம். மூலைக் கருமையைச் சரிசெய்யாமல் ஒட்டினால் வானத்தில் வேட்டி மடிப்புபோல வரிவரியாகத் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் ஹியூஜின் மென்பொருள் ஒட்டும்போதே அதைக் கணக்கிட்டுச் சமன் செய்கிறது.

மூன்றாவது படம்தான் எனக்குக் கவலை தந்தது. ஒரே ஒரு மூலை. கருமையின் உள்ளோரம் சற்றே வளைந்த முக்கோணம். லென்ஸின் இயல்பால் வருவது ஒருபோதும் ஒரு மூலையோடு நிற்காது. இது லென்ஸை மூடித் திறக்கும் இதழ் மூடிகளில் ஒன்று முழுக்கத் திறக்காமல் நிற்பது. உங்கள் கொழுந்தனார் சொன்னது இந்த ஒரு படத்தைப் பொறுத்தவரை பாதி சரி: உப்பும் மணலும்தான் காரணம், ஆனால் கெட்டது லென்ஸ் அல்ல, அதன் இமை. கேமராவை முடுக்கி, லென்ஸை உங்கள் முகத்துக்கு நேரே திருப்புங்கள். படத்தில் வலது மேல் மூலை என்பதால், எதிரிலிருந்து பார்க்கும் உங்களுக்கு அது இடது மேல் பக்கத்து இதழாக இருக்கும். ஜூமை முன்னால் தள்ளினால் பார்வை குறுகிக் கருமை மறையும். அதனால் சரியாகிவிட்டது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். மணல் துகள் உள்ளே போனால் அடுத்தபடியாக லென்ஸ் குழலே சிக்கிக்கொள்ளும்.

இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், பூநாரைகளைப் பார்க்கப் போய்விட்டு, கேமராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மணலில் வெகுதூரம் நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் இதழ் ஒன்று பாதியில் நின்றது. தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைத்தேன். சற்று நேரம் இதழ் சரியாக அசைந்தது. மறுநாள் எண்ணெய் கண்ணாடிமேல் பரவியிருந்தது, அதில் மணலும் ஒட்டி, நான்கு இதழ்களும் இறுகிவிட்டன. பழுதுபார்ப்பவர் முன் வளையத்தையே கழற்ற வேண்டியதாயிற்று. ஆகவே எண்ணெய் வேண்டாம், ஊசி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம்; கடற்கரை உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மூச்சின் ஈரமும் சேர்ந்தால் அது பசையாகிவிடும். லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ரப்பர் பல்பால் காற்றடியுங்கள், பிறகு இதுவரை வண்ணம் தொடாத மெல்லிய ஓவியத் தூரிகையால் இதழின் ஓரத்தை வெளிப்பக்கமாக மட்டும் வருடுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் அசையாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை போகும்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்; குழாயும் ஃபில்டரும் தரும் பாதுகாப்பைவிட அது மேல்.

மூலைக் கருமை எல்லாப் படத்துக்கும் கேடு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மீனவர் வலை பின்னும் படத்தில் ஓரம் சற்று மங்கினால் பார்வை அவர் கையில் போய் நிற்கும். உங்கள் வேலை அப்படிப்பட்டதல்ல. தேவாலயச் சுவரின் பவளக்கல் எங்கே உதிர்ந்திருக்கிறது, எங்கே ஈரம் ஏறியிருக்கிறது என்று அடுத்த ஆண்டு ஒரு மாணவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறார். ஓரத்துக் கருமையை அவர் ஈரக்கசிவு என்று எடுத்துக்கொண்டால் இத்தனை ஆண்டு உழைப்பும் தவறான செய்தியைச் சொல்லிவிடும். அதனால் சுவர்ப் படங்களை 28-இல் எடுக்க வேண்டாம். நான்கு எட்டுப் பின்னால் போய் 35-இலும் எஃப் 5.6-இலும் எடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே எண்களை வையுங்கள். மெனுவில் ஷேடிங் என்ற பெயரில் ஓரத்தைச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதை ஒரே நிலையில் விட்டுவிடுங்கள். ஒருமுறை இயக்கியும் ஒருமுறை அணைத்தும் எடுத்த படங்களை ஒப்பிட முடியாது. அந்த வசதி மூலையின் ஒளியைப் பெருக்கித்தான் காட்டுகிறது, பாதியாகக் குறைந்ததை இரண்டால் பெருக்கும்போது புள்ளிப்புள்ளியான இரைச்சலும் கூடவே பெருகும், ஆகவே ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்திறன் எண் 100 அல்லது 200-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்ட அரிச்சல்முனைப் படத்தை டார்க்டேபிள் மென்பொருளில் லென்ஸ் திருத்தப் பகுதியில் திறந்தால் பெருமளவு சீராகும்.

இதழ் மூடியைச் சுத்தம் செய்தபின், வானம் ஒரே சீராக மூடியிருக்கும் ஒரு நாளில் தலைக்கு மேலுள்ள மேகத்தை 28-இல் ஒரு படமும் 35-இல் ஒரு படமும் எஃப் 2.8, எஃப் 5.6 இரண்டிலும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஜூம் நீளும்போது எஃப் 2.8 கிடைக்காவிட்டால், கேமரா தரும் மிகச் சிறிய எண்ணிலேயே எடுக்கலாம். நான்கு படங்களையும் வைத்து உங்கள் லென்ஸ் எந்த இடத்தில் எவ்வளவு ஒளியை இழக்கிறது என்று அளந்து எழுதுகிறேன்.