54 சதவீதம் என்ற கதை

வணக்கம் சார்.

நான் திருநெல்வேலிக்காரன். 2008-இல் வேலைக்காகச் சென்னை வந்தேன், இப்போது வேளச்சேரியில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தென் சென்னை மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெயர்களும் ஆண்டுகளும் திரட்டிவிட்டேன். மூன்று சந்தேகங்கள். டெல்லியில் யார் ஆட்சிக்கு வருவார்களோ அவர்கள் பக்கமே தென் சென்னை எப்போதும் நிற்கும் என்கிறார்களே, உண்மையா? இங்கே மயிலாப்பூரும் தி.நகரும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றனவா? இவ்வளவு படித்தவர்கள் இருந்தும் 2024-இல் 54 சதவீதம்தான் வாக்குப்பதிவு, வெட்கமாக இருக்கிறது. வாக்களிக்காதவர்களுக்கு அபராதம் போட்டால் என்ன?

பி.கு.: என் ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. 2024-இல் லீவு கிடைக்காததால் போக முடியவில்லை.

கே., வேளச்சேரி

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி பின்குறிப்பில் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியவில்லை என்பதால்தான் பொதுவில் பதில் எழுதுகிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கேள்வியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1957 முதல் 2024 வரை 17 பொதுத் தேர்தல்கள். அவற்றில் 1962, 1967, 1977, 1989, 1998, பிறகு 2009 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை, ஆக ஒன்பது முறை டெல்லியில் ஆட்சிக்கு வராத பக்கத்து ஆளைத்தான் தென் சென்னை அனுப்பியிருக்கிறது. மாநில அலையோடாவது போனதா என்றால் அதுவும் இல்லை. 1998-இல் அ.தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39-இல் 30 தொகுதிகளை அள்ளியபோது இங்கே தி.மு.க.வின் டி.ஆர்.பாலு வென்றார். 2009-இல் தி.மு.க. கூட்டணி 27 இடங்களை எடுத்தபோது இங்கே அ.தி.மு.க.வின் சி.ராஜேந்திரன் வென்றார். யாரோ திண்ணையில் சொன்னதைத் தாளில் எழுதிப் பார்க்காமலே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பெயர்களையும் ஆண்டுகளையும் கையில் வைத்திருந்தவர் பத்து நிமிடம் செலவழித்திருக்கலாம்.

அந்தப் பெயர்ப் பட்டியலையும் அப்படியே திரையில் போட்டுவிடாதீர்கள். 1952-இல் தென் சென்னை என்ற தொகுதியே இல்லை. டி.டி.கிருஷ்ணமாச்சாரி வென்றது ‘மெட்ராஸ்’ தொகுதியில். 1957-இல் நகரம் வடக்கு, தெற்கு என்று இரண்டு தொகுதிகளானது. தெற்கில் மறுபடி டி.டி.கே., 1962-இல் நாஞ்சில் மனோகரன், 1967-இல் அண்ணா. முதலமைச்சரானதும் அண்ணா பதவி விலக, இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். 1971-இலும் அவரே. இது ஒரு தென் சென்னை.

1977-இல் மத்திய சென்னை என்ற மூன்றாவது தொகுதி நடுவில் முளைத்தது. அப்போது திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், தி.நகர், சைதாப்பேட்டை, ஆலந்தூர், தாம்பரம் என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகளோடு இரண்டாவது தென் சென்னை பிறந்தது. காங்கிரஸின் ஆர்.வெங்கட்ராமன் இரண்டு முறை, அதே கட்சியின் நடிகை வைஜெயந்திமாலா இரண்டு முறை, அ.தி.மு.க.வின் ஆர்.ஸ்ரீதரன் ஒரு முறை, பிறகு 1996 முதல் 2004 வரை நான்கு முறை பாலு. எல்லாம் இந்த எல்லைக்குள் நடந்தவை.

2009-இலிருந்து இருப்பது மூன்றாவது தென் சென்னை. விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தி.நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர். ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்குப் போயின. பாலுவும் 2009-இல் அவற்றின் பின்னாலேயே ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் வென்றார். உங்கள் சங்கத்துப் பெரியவர்கள் “2009-இல் தென் சென்னை மனம் மாறியது” என்பார்கள். மனம் மாறுவதற்கு முன் ஆளே மாறிவிட்டார்கள். தொகுதி மறுவரையறையை, அதாவது எல்லைகளை மாற்றி வரைந்ததை, கணக்கில் எடுக்காமல் 2004-ஐயும் 2009-ஐயும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைப்பது தப்பு. மயிலாப்பூர், சைதாப்பேட்டை என்ற பெயர்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றனவே என்று ஏமாந்துவிடாதீர்கள். மறுவரையறையில் அவற்றின் வார்டுகளும் நகர்ந்தன.

மயிலாப்பூரும் தி.நகரும் தீர்மானிக்கின்றனவா என்பதற்கு வாக்காளர் எண்ணிக்கையே பதில். 2024-இல் தொகுதி முழுதும் 20 லட்சத்துக்குச் சற்று மேல். சோழிங்கநல்லூரில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல். மயிலாப்பூரையும் தி.நகரையும் கூட்டினாலும் அதைத் தொடாது. சோழிங்கநல்லூர் என்றதும் ஐ.டி. கட்டடங்கள்தான் உங்கள் கண்ணில் படும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் அங்கேதான் இருக்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டவர்கள். ‘படித்தவர்கள் தொகுதி’ என்று சொல்லும்போது இவர்களை எந்தக் கணக்கில் வைக்கிறீர்கள்? அந்தப் படித்தவர்களின் தீர்ப்பைப் பற்றியும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். நாடாளுமன்றத்தில் பேர்போன இரா.செழியன் 1984-இல் இங்கே நின்று வைஜெயந்திமாலாவிடம் தோற்றார். அது இந்திரா கொலையின் அனுதாப அலை வீசிய தேர்தல், கூடவே எம்.ஜி.ஆரின் கூட்டணி பலம்.

கூட்டணி என்றதும் ஒன்று. 1977-இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்று மாறனைத் தோற்கடித்த அதே காங்கிரஸ்காரர் வெங்கட்ராமன், 1980-இல் தி.மு.க.வின் தோளில் ஏறி வென்றார். மூன்றே ஆண்டுகள், அதே ஆள், அதே எல்லை, எதிரும் புதிருமான இரண்டு கூட்டணிகள். தலைவர்களின் தகுதியைப் பற்றி நீங்கள் தயாரித்திருக்கும் பக்கங்களைக் குறைத்துவிட்டு இதை விரிவாகச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் 54 சதவீதத்துக்கு வருகிறேன். அபராதத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை, அதை விடுங்கள்.

2024 ஏப்ரல் 19 இரவு தென் சென்னையில் வாக்குப்பதிவு 67 சதவீதத்துக்கும் மேல் என்று அறிவித்தார்கள். சில மணி நேரத்தில் அது 54-ஆக இறங்கியது. சதி என்று கூச்சல் போட்டவர்கள் உண்டு. நடந்தது இதுதான்: முதலில் வந்தது வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்கள் செயலியில் அவ்வப்போது ஏற்றும் எண்ணிக்கையை வைத்துப் போட்ட மதிப்பீடு. எல்லோரும் ஏற்றுவதில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் பூத் ஏஜென்ட்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் படிவம் 17சி-தான் கணக்கு. அவற்றைக் கூட்டினால் வருவதுதான் பதிவான வாக்கு, சுமார் 11 லட்சம்.

ஆனால் சதவீதத்துக்கு இரண்டு எண்கள் வேண்டும். மேலே இருக்கும் 11 லட்சம் மெய்யான மனிதர்கள் மெய்யாகப் பொத்தானை அழுத்தியது. கீழே இருக்கும் 20 லட்சம் வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்கள். பெயர் வேறு, ஆள் வேறு. சென்னையில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் கோடம்பாக்கத்திலிருந்து மடிப்பாக்கம் போகிறார். அவர் செய்ய வேண்டியது படிவம் 8. 2022-இலிருந்து முகவரி மாற்றம், திருத்தம் எல்லாவற்றுக்கும் அதுதான். அவரோ ‘புதுசாப் போட்டுடலாம்’ என்று புது வாக்காளர்களுக்கான படிவம் 6-ஐ நிரப்புகிறார். பழைய பெயர் கோடம்பாக்கத்திலேயே கிடக்கிறது, புதுப் பெயர் மடிப்பாக்கத்தில் ஏறுகிறது. ஒரே ஆள், இரண்டு பெயர். இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7 கொடுக்க வேண்டும். அப்பா போன துக்கத்தில் எந்த வீட்டில் அதை நினைப்பார்கள்? கூவக்கரையில் குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டவர்களின் பெயர் இல்லாத முகவரியில் வருடக்கணக்கில் இருக்கும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் சரிபார்க்க வந்தால், உங்களைப் போன்றவர்களின் அடுக்ககத்து வாசலில் காவலாளி “யாரையும் உள்ளே விடக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லியிருக்காங்க” என்று திருப்பி அனுப்புகிறார். அந்தச் சங்கத்தில்தான் நீங்கள் வாக்குப்பதிவு குறைவு என்று வெட்கப்பட்டுப் பேசப்போகிறீர்கள்.

பட்டியல் எவ்வளவு ஊதியிருந்தது என்பது 2025 இறுதியில் வீடுவீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தெரிந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுதும் 6.41 கோடியில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை, ஏறக்குறைய 15 சதவீதம். சென்னை மாவட்டத்தில் 40 லட்சத்தில் சுமார் 14 லட்சம் இல்லை. மூன்றில் ஒன்றுக்கும் மேல். அத்தனையும் செத்த பெயர், போன பெயர் என்று நான் சொல்லவில்லை. வீடு பூட்டியிருந்ததாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுக்காததாலும் உயிரோடு ஊரில் இருப்பவர்களும் அதில் விழுந்திருக்கிறார்கள். அதற்காகத்தான் வரைவுக்குப் பிறகு கோரிக்கைக்கும் ஆட்சேபனைக்கும் அவகாசம் தரப்பட்டது. தி.மு.க.வும் அதன் கூட்டணிக் கட்சிகளும் கோபப்பட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் மாநிலச் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் சென்னையில் பெயர்கள் உதிர்ந்திருக்கின்றன என்றால், நகரத்தின் பட்டியல் கிராமத்துப் பட்டியலைவிட எவ்வளவு அழுகியிருந்தது என்று பாருங்கள்.

கணக்குக்காகச் சொல்கிறேன்: 2024 பட்டியலின் 20 லட்சத்தில் 4 லட்சம் பெயர்கள் மட்டும் பொய் என்று வையுங்கள். அதே 11 லட்சம் வாக்குக்குச் சதவீதம் 69-ஐ நெருங்கிவிடும். அந்த ஆண்டு மாநிலத்தின் பதிவும் ஏறக்குறைய அதுதான். மாநிலத்தின் பட்டியலையும் அதேபோலச் சுத்தம் செய்தால் அந்த எண்ணும் ஏறுமே என்று கேட்பீர்கள். ஏறும், ஆனால் இவ்வளவு ஏறாது. கிராமத்தில் பூத் ஏஜென்டுக்கு யார் செத்தார், யார் திருப்பூர் போனார் என்று தெரியும். உங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? சென்னையில் சோம்பேறிகளே இல்லை என்று நான் வாதாடவில்லை. 2019-இல் வாக்குப்பதிவு வியாழக்கிழமை, மறுநாள் புனித வெள்ளி, 2024-இல் வெள்ளிக்கிழமை. இரண்டு முறையும் நீண்ட விடுமுறைக்குக் கிளம்பிப் போனவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் பட்டியலின் பிழையையும் வாக்காளரின் சோம்பலையும் பிரிக்காமல் மொத்தப் பழியையும் சோம்பலின் தலையில் கட்டுவது வசதியான பொய்.

இப்போது உங்கள் பின்குறிப்பு. 2008-இலிருந்து சென்னையில் இருக்கிறீர்கள். ஊரில் பெயர் இருக்கிறது, போய் வாக்களிக்கவில்லை. அங்கே குறையும் சதவீதத்தில் நீங்கள் ஒருவர். வேளச்சேரிச் சாக்கடையைப் பற்றி ஐந்தாண்டு புலம்புகிறீர்கள், அதற்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் நீங்கள் இல்லை. ஊர்ப்பாசம் நல்லதுதான். அம்மாவைப் பார்க்கத் தீபாவளிக்குப் போங்கள். வாக்கை இங்கே கொண்டு வாருங்கள். படிவம் 8, முகவரி மாற்றம் என்ற கட்டம். வாடகை ஒப்பந்தம் தர வீட்டுக்காரர் முரண்டு பிடித்தால் எரிவாயு இணைப்பு ரசீதோ வங்கிப் புத்தகமோ உங்கள் பெயரில் இந்த முகவரியோடு இருந்தால் போதும். படிவம் 6 மட்டும் நிரப்பாதீர்கள், இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கிறது, அதற்காகப் பொய் உறுதிமொழி கொடுப்பது குற்றம்.

பேச்சுக்கான வேலையைப் பற்றி. 2009-க்குப் பிந்திய தேர்தல்களுக்குத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்திலிருந்து படிவம் 20-ஐ எடுங்கள், வாக்குச்சாவடி வாரியாக வாக்குகள் இருக்கும். 2019-இன் 137-ஆம் சாவடியையும் 2024-இன் 137-ஆம் சாவடியையும் ஒப்பிடாதீர்கள். ஒரு சாவடிக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்புக்காக ஒவ்வொரு முறையும் பிரிப்பார்கள், எண்கள் நகர்ந்துவிடும். பள்ளியின் பெயரையும் தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள். ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் கூட்டல் இறுதி முடிவோடு பொருந்தவில்லை என்று பதறி எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள் என்று தெரியும். தபால் வாக்குகளைக் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.