செவலையை வெட்ட வேண்டாம்

ஐயா,

என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பாட்டியின் டிரங்குப் பெட்டியில், 1941 முதல் 1945 வரை அவர் பாட்டிக்கு எழுதிய 31 கடிதங்கள் கிடைத்தன. ஆவலோடு படித்தேன். போரைப் பற்றி ஒரு வரி இல்லை. கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததா, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) எத்தனை மூடு நட்டிருக்கிறது, அம்மைக்குக் கால்வலி எப்படி, இவ்வளவுதான். பாட்டிக்கென்று ஒரு பிரியமான சொல்கூடக் கிடையாது. 1943-ல் மூன்று கடிதங்களில் 'செவலைக்கு மாசம் எத்தனை, தீனி எடுக்கிறதா' என்று வேறு கேட்கிறார். எங்கள் வீட்டில் மாடே இருந்ததில்லை என்கிறாள் அம்மா. சிறிய புத்தகமாக அச்சிட ஆசை. இந்தச் சில்லறை விஷயங்களை வெட்டிவிட்டால் ஏதாவது மிஞ்சுமா?

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் வெட்டாதீர்கள்.

அந்த மரச்சீனியிலிருந்தே தொடங்குகிறேன். 1942 மார்ச்சில் பர்மாவின் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. உங்கள் தக்கலையும் சேர்ந்திருந்த அன்றைய திருவிதாங்கூர் தன் வயலை மட்டும் நம்பிச் சாப்பிட்ட நாடு அல்ல. பர்மா அரிசி வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் நம் பக்கத்து வீடுகளில் அடுப்பேறியது மரச்சீனிதான். எத்தனை மூடு என்று உங்கள் தாத்தா கேட்டது விவசாயக் கணக்கு இல்லை. வீட்டில் பட்டினியா என்று கேட்டிருக்கிறார். கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, 1942-க்கு முன்னால் மரச்சீனி எத்தனை தடவை வருகிறது, பின்னால் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். போரைப் பற்றி ஒரு வரி இல்லை என்றா சொன்னீர்கள்?

இருக்கும் இடம், போகும் இடம், செத்தவர் கணக்கு எதையும் எழுதக்கூடாது என்பது அன்றைய பட்டாளச் சட்டம். எழுதினால் தணிக்கையில் கத்தரி விழும். முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன நம் சிப்பாய்களின் தபாலைப் படிப்பதற்கென்றே பூலோன் துறைமுகத்தில் ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. அங்கே ஆங்கிலத்தில் பெயர்த்து எடுத்த பகுதிகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சிப்பாய் தன் மொழியில் தன் வீட்டுக்கு எழுதியது போய், உளவு பார்த்தவனின் மொழியில் மிஞ்சியிருக்கிறது. உங்களிடம் இருப்பது மூலம். அந்த அதிர்ஷ்டத்தை நீங்கள் இன்னும் உணரவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தபால்களில் ஒரு தந்திரம் உண்டு. கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது, இப்போது சிவப்பு மிளகுதான் செலவாகிறது என்று எழுதுவார்கள். கறுப்பு என்றால் நம்மவர், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர். நல்லமிளகும் மிளகாய் வத்தலும் விளைகிற நம் ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரியமான சொல் இல்லை என்கிறீர்கள். அந்தக் கடிதத்தை யார் படித்திருப்பார்கள்? 1971 டிசம்பரில் நான் ஏழாம் வகுப்பு. எதிர்வீட்டு அக்காவின் மாப்பிள்ளை பட்டாளத்தில். விலாசத்தில் ஊரே இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் நிலைய எண்ணோடு முடிந்துவிடும். கடிதம் வந்தால் படிப்புரையில் (வாசல் முகப்பில்) நின்று தபால்காரர்தான் உரக்கப் படிப்பார். மாமனார், மாமியார், பக்கத்து வீட்டார் எல்லாரும் கேட்பார்கள். அக்கா கதவுக்குப் பின்னால். பதில் எழுதுவது நான். மாமியார் சொல்லச் சொல்ல இன்லண்ட் நிறைந்துவிடும். கடைசியில் அக்காவைப் பார்த்து, 'ஒனக்கு என்னவாம் எளுதணுமாட்டீ?' என்பார். அக்கா, 'ஒண்ணுமில்ல, சொகமா இருக்கச் சொல்லி எளுது மக்கா' என்பாள். ஆனால் ஒட்டுவதற்கு என்னிடம் தரமாட்டாள். காலையில் நானே ஒட்டிக்கொள்கிறேன் என்று வாங்கி உள்ளே வைத்துக்கொள்வாள். எழுத்துத் தெரியாதவள் ஒரு ராத்திரி முழுக்க அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்று இந்த வயதிலும் யோசிக்கிறேன்.

உங்கள் தாத்தாவுக்குத் தணிக்கைக்காரன் ஒருவன்தான். படிப்புரையில் பத்துப் பேர்.

இனி அந்தச் செவலை. இல்லாத பசுவை ஒருவர் மூன்று தடவை விசாரிக்கமாட்டார். 1942 கடைசியிலோ 43 தொடக்கத்திலோ அவர் லீவில் வந்து போனாரா? உங்கள் அம்மாவுக்கு மூத்தவர் யாராவது 1943-ல் பிறந்தார்களா? அடித்துச் சொல்லமாட்டேன், அடுத்த வீட்டுப் பசுவாகக்கூட இருக்கலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பாட்டியின் பதில்கள் கிடைக்காது. யுத்தகளத்தில் அவற்றை யார் சேர்த்து வைப்பார்? ஆனால் தாத்தா 'நீ எழுதியிருந்தபடி' என்று தொடங்கும் இடங்களையெல்லாம் தனித்தாளில் எடுத்து எழுதினால் பாட்டியின் குரல் கொஞ்சம் கேட்கும். அதைப் புத்தகத்தில் பின்னிணைப்பாகப் போடலாம்.

கடித உறைகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? உள்ளூர்த் தபாலுக்குத் திருவிதாங்கூரில் 1951 வரை தனி அஞ்சல் இருந்தது. இவை அதில் வந்தவை அல்ல, பட்டாளத் தபால். முத்திரையில் களத் தபால் நிலைய எண் இருக்கும். எண்ணும் தேதியும் தெளிவாக இருந்தால், அவர் எழுதாமல் மறைத்த இடம் எது என்று விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கிழிந்த மடிப்புகளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். லாமினேஷனும் வேண்டாம். இரண்டு பக்கத்தையும் உறையையும் படமெடுத்துவிட்டு, மறுபடி அதே டிரங்குப் பெட்டியில் வைக்காமல், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிடுங்கள்.