புருவத்தில் நிரந்தர ஒப்பனை: முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. ஈரோட்டில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளாக இரு புருவங்களிலும் காதுப் பக்க முனை உதிர்ந்து மெலிந்துகொண்டே வருகிறது. ஐப்ரோ பென்சிலால் வரைந்தால் மதியத்துக்குள் வியர்வையில் கரைந்துவிடுகிறது. மைக்ரோபிளேடிங் (தோலில் முடிபோல் மெல்லிய கோடுகளாகக் கீறி நிறமி ஏற்றுவது) செய்துகொண்டால் மூன்று ஆண்டுகளுக்குக் கவலை இல்லை என்று பார்லரில் சொல்கிறார்கள். தலைக்கு டை அடித்தால் எனக்கு நெற்றியோரம் அரிக்கும். தங்கைக்கு வெண்புள்ளி இருக்கிறது. நான் செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். நிரந்தர ஒப்பனையே கூடாது என்பது என் கருத்தல்ல. புற்றுநோய்ச் சிகிச்சையால் புருவத்தை இழந்தவர்களுக்கும், பல ஆண்டுகளாகப் புழுவெட்டு மாறாமல் இருப்பவர்களுக்கும் அது பெரிய ஆறுதலாக அமைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் முடி ஏன் போனது என்பது தெரிந்திருந்தது. உங்களுக்கு அது இன்னும் தெரியவில்லை என்பதே என் தயக்கத்துக்கு முதற்காரணம்.

இரு புருவங்களிலும் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒரே மாதிரி மெலிகிறது என்றால் மருத்துவருக்கு முதலில் நினைவுக்கு வருவது தைராய்டு சுரப்புக் குறைவுதான். உடல் எடை கூடுதல், மலச்சிக்கல், மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, மற்றவர்களைவிட உங்களுக்கு மட்டும் அதிகமாகக் குளிர்வது ஆகியவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.ஹெச். செய்துகொள்ளுங்கள், அதே ரத்தத்தில் ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்துவிடலாம். காரணம் தைராய்டுதான் என்றால், மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் புருவம் மீண்டும் முளைக்க வாய்ப்புண்டு. அதற்குள் நிறமியைக் குத்திவிட்டிருந்தால் வரைந்த கோடு ஓரிடத்திலும் முளைத்த முடி வேறோரிடத்திலுமாக நிற்கும். தொழுநோயிலும் புருவத்தின் வெளிமுனை உதிரும். உணர்ச்சி குறைந்த தேமலோ, காது மடலில் தடிப்போ, கை கால் மரத்துப்போதலோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதற்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, முழுமையாகக் குணப்படுத்தவும் முடியும்.

மாதவிடாய் நிற்கும் வயதையொட்டி அதிகம் காணப்படும், ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா என்ற இன்னொரு நோயும் உண்டு. அதில் பலருக்குப் புருவம் முதலில் மெலிந்து, பிறகு முன்நெற்றியின் முடிக்கோடு மெல்ல மெல்லப் பின்னோக்கி ஏறும். முடிவேர் தழும்பாகிவிடுவதால் போன முடி பெரும்பாலும் திரும்பாது. ஆனால் மேற்கொண்டு போகாமல் மருந்தால் கட்டுப்படுத்த முயலலாம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இந்நோயுடன் நெற்றியோரத்தில் அரிப்பும் சாம்பல் கருமையும் சேர்ந்து வருவதுண்டு என்பதால், நீங்கள் டையின் மீது போடும் பழி முழுவதும் டையைச் சேர்ந்ததுதானா என்பதையும் தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். முடிக்கோடு ஏறியிருக்கிறதா என்பதை அது தெளிவாகக் காட்டும்.

அரிப்புக்குக் காரணம் டைதான் என்று உறுதியானால், பெரும்பாலான டைகளில் இருக்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் உங்களுக்கு ஒவ்வாமையை உண்டாக்கியிருக்கக் கூடும். இது இரண்டு வகையில் முக்கியமானது. பி.பி.டி. ஒவ்வாத சிலருக்கு ஒப்பனை நிறமிகளில் சேர்க்கப்படும் அசோ வகைச் சாயங்களும், மரத்துப்போவதற்காகத் தடவும் கிரீம்களில் சிலவற்றில் உள்ள பென்சோகேய்னும் ஒவ்வாமல் போகலாம். மரத்துப்போகச் செய்யும் இன்னொரு மருந்தான லிக்னோகேய்ன் வேறு வகையைச் சேர்ந்தது என்பதால் அந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. பார்லரில் மாற்றாகச் சொல்லப்படும் புருவ டின்ட், கறுப்பு மருதாணி ஆகியவற்றிலும் பி.பி.டி. இருக்கக்கூடும் என்பதால், தோல் மருத்துவர் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனையான பேட்ச் டெஸ்ட்டின் முடிவு வரும்வரை அவற்றின் பக்கம் போகாதீர்கள். பார்லரில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து மறுநாள் பார்ப்பது அந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது, ஏனெனில் நிறமி ஒவ்வாமை மாதங்கள் கழித்தும், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்தும் தடிப்பாக வெளிப்படும்.

தங்கைக்கு வெண்புள்ளி இருப்பதால் உங்களுக்கும் வந்தே தீரும் என்று அஞ்ச வேண்டாம். ஆயினும் நெருங்கிய ரத்த உறவில் அதன் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். அந்தத் தன்மை உடலில் இருந்தால் தோலைக் கீறிய இடத்திலேயே புதிய புள்ளி தோன்றக்கூடும். சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ் ஆகிய தோல் நோய்களும் இப்படியே காயம் பட்ட கோட்டில் கிளம்பும். தோல் மருத்துவரிடம் உள்ள உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் அடியில் முகத்தையும் கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிடும்.

இனி, 'மூன்று ஆண்டுகளுக்குக் கவலை இல்லை' என்ற பேச்சுக்கு வருகிறேன். மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால், அங்கே மட்டும் நிற்கும் நிறமி உதிர்ந்துவிடும். நிலைக்க வேண்டுமானால் அதற்குக் கீழே, அடித்தோலின் மேற்பகுதியில் படிய வேண்டும். கொஞ்சம் ஆழம் கூடிவிட்டால் கறுப்பு நீலச்சாம்பலாகத் தெரியும். நம் பாட்டிமார் கைகளில் குத்திய பச்சை, கரிக்கறுப்பில் தொடங்கிக் காலப்போக்கில் நீலப்பச்சையாகிக் கோடு விரிந்து நின்றதை எண்ணிப் பாருங்கள். பழுப்பு நிறமிகளில் உள்ள இரும்பு ஆக்சைடு மங்கும்போது சிவப்பாக மிஞ்சுவதும் உண்டு. எண்ணெய்ப்பசை மிகுந்த தோலில் முடிபோல் கீறிய கோடுகள் சீக்கிரம் கலங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குப் புள்ளி புள்ளியாக மெஷினில் வைக்கும் பவுடர் முறை ஓரளவு பொருந்தும். எந்த முறையானாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு திருத்தம் தேவைப்படும், பிறகும் அவ்வப்போது செலவு உண்டு.

கர்ப்பிணிகள், தாய்ப்பால் ஊட்டுபவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், கெலாய்டு எனப்படும் தடித்து வளரும் தழும்பு வரும் உடல்வாகு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும், அல்லது தங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே யோசிக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

எல்லாப் பரிசோதனைகளும் சாதகமாக வந்து, நீங்களும் செய்துகொள்ளத் தீர்மானித்தால், முன்பணம் கட்டும் முன் ஒரு நாள் பார்லரில் அமர்ந்து, வேறொருவருக்குச் செய்வதை அவர் சம்மதத்துடன் கவனியுங்கள். பிளேடு உறை உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா, வேலை முடிந்ததும் கூர்முனைகளுக்கான டப்பாவில் போகிறதா, நிறமி சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட்டு மிச்சம் கொட்டப்படுகிறதா, அதை நீர்க்கச் செய்யக் குழாய்த் தண்ணீர் சேர்க்கிறார்களா என்று பாருங்கள். மஞ்சள்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ஊசி வழியே பரவக்கூடியவை. தண்ணீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியம் வாரக்கணக்கில் ஆறாத கொப்புளங்களை உண்டாக்கும். நிறமிப் புட்டியில் உட்பொருட்களும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தோலுக்குள் செலுத்துவதற்கென எந்த நிறமிக்கும் அனுமதி வழங்கியதில்லை என்பதால், 'எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்ற மை' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துவிடலாம் என்ற சமாதானத்தையும் நம்பி இறங்காதீர்கள். இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் லேசர் பட்டவுடன் இன்னும் கறுத்துப்போகலாம். மாநிறத் தோலில் வெளிறிய தடம் மிஞ்சும் அபாயமும் உண்டு.

பரிசோதனை முடிவுகள் வரும்வரை, வாட்டர்புரூஃப் பென்சிலால் சிறு சிறு கோடுகளாக வரைந்து, அதன் மேல் மெல்லப் பவுடர் ஒற்றி எடுங்கள். வியர்வையைத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றுங்கள். த்ரெட்டிங்கின்போது வெளிமுனையில் நூல் படவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் விரும்பும் வடிவத்தை இப்படியே ஒரு மாதம் தினமும் வரைந்து கடைக்குச் சென்றுவந்தால், அது உங்கள் முகத்துக்கு ஒத்துவருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.